தக்காளிக்குச் செய்வினை

தாடிக்கொம்பு பக்கம் தக்காளிக் காடெல்லாம் தலை தொங்கிக் கிடந்தபோது, பால்தம்ளர் சாமி மட்டும் நிமிர்ந்து நடந்தார். ஷேர் ஆட்டோவில் திமுதிமுவென்று கூட்டம். நெய்க்காரப்பட்டியிலிருந்துகூட ஒரு வேன். மனுசனுக்குப் பேய் ஓட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. தக்காளிக்கு ஓட்டுகிறவர் இவர் ஒருவர்தானே!

வாடிய செடியின் தண்டை அரிவாளால் நறுக்கி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிடுவார். செத்த நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூலாகப் பால் இறங்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"பாத்தீகளா? செய்வினை எறங்குது! இந்தத் தீர்த்தத்தைக் காடு பூராத் தெளிங்க."

ஒரு தம்ளர் ஐநூறு ரூபாய்.

நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் செய்வினை வைத்த ஆளாம். சாய்ந்த பக்கம் கருப்பாயியின் அரை ஏக்கர். அவள் செடி மட்டும் வாடவில்லையே, வேறென்ன சாட்சி வேண்டும்? அவள் போட்டிருந்தது சம்பங்கி என்பதை யோசிக்க யாருக்கும் நேரமில்லை. கூட்டுக் கிணற்றில் அவள் முறைத் தண்ணீரை நிறுத்திவிட்டார், கிணற்றுக்குப் பெரியவரான மொக்கைச்சாமி.

கூட்டத்தின் கடைசியில் நின்ற ஜீவிதாவுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். வித்தை அவளுடையது.

அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம். செடியைக் கொல்லும் அந்த பாக்டீரியாவுக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை பேர் மாற்றியிருந்தார்கள். கிருமிகளின் வம்சப் பட்டியலில் அது எந்தப் பங்காளிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இவள் ஐந்து வருஷம் ஆராய்ந்தாள். அதுபாட்டுக்குச் செடியைக் கொன்றுகொண்டிருந்தது. போன வருஷம் விவசாயிகள் கூட்டத்தில், நோயை அடையாளம் காண இதே தம்ளர் சோதனையைச் செய்து காட்டினாள். வந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேர் வடைக்கு. ஏழாவது, மைக் செட் போட வந்த காத்தமுத்து. வாய் பிளந்து கவனித்தது அவன் மட்டும்தான். அவள் உருவாக்கிய ஒரே மாணவன், இன்றைக்குப் பால்தம்ளர் சாமி!

"அது பால் இல்ல, கிருமி!" என்று கத்தினாள். "ஒரு சொட்டுல கோடி கெடக்கும். அதைத்தான் காடு பூராத் தெளிக்கிறீங்க!"

"எங்கத்தா கிருமி? காட்டு பாப்போம்," என்றார் மொக்கைச்சாமி. "சாமி கண்ணு முன்னால காட்டுறாருல்ல?"

ஐந்து வருஷப் படிப்பு அந்த ஒரு கேள்வியில் உட்கார்ந்துவிட்டது.

"சரி பெரியப்பா. ரெண்டு தக்காளி நாத்து நீங்களே வாங்கி, உங்க மாடியிலயே தொட்டியில நடுங்க. ஒண்ணுக்குச் சாமி தீர்த்தம், இன்னொண்ணுக்குக் குழாய்த் தண்ணி. பத்து நாள் பாப்போம்."

தன் தீர்த்தத்தைச் சாமி எப்படி மறுப்பார்?

"அதுவரைக்கும் கருப்பாயிக்குத் தண்ணி கிடையாது," என்றார் மொக்கைச்சாமி.

கருப்பாயி தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து சம்பங்கிக்கு ஊற்றினாள். ஜீவிதாவும் சுமந்தாள். செடிக்கு நோயேற்றிப் பார்க்கும் இதே சோதனை ஆய்வகத்தில் தனக்கு மூன்றுக்கு ஒருமுறை சொதப்பும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எட்டாம் நாள் தீர்த்தச் செடி கொழுகொழுவென்று நின்றது. சாமி ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். பகுத்தறிவுக்காரி வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டிக்கொண்டாள், ஒரு பாக்டீரியாவை.

பத்தாம் நாள் காலை குழாய்த் தண்ணீர்ச் செடி நிமிர்ந்து நின்றது. தீர்த்தச் செடி பச்சை மாறாமலே தலை தொங்கிவிட்டது. மொக்கைச்சாமியே நறுக்கித் தம்ளரில் விட்டார். வெள்ளை நூல் இறங்கியது.

"கருப்பாயி இங்கயும் வச்சுட்டா!" என்றார் சாமி.

"மாடிச் சாவி என் இடுப்புல இருக்குடா. இங்க வந்தது ஒன் தீர்த்தம் ஒண்ணுதான்." மொக்கைச்சாமி குனிந்து பார்த்தார். "நூலு தெக்காமச் சாயுது. தெக்க என் மாட்டுக் கொட்டம்லடா இருக்கு? எருமையா வச்சுச்சு?"

சாமி படி இறங்குவதற்குள் ஃப்ளெக்ஸ் இறங்கிவிட்டது.

"மருந்தச் சொல்லுத்தா," என்று கூட்டம் ஜீவிதாவைச் சூழ்ந்தது.

"மருந்து இல்ல. வாடுனதை வேரோட பிடுங்கி எரிங்க. அரிவாளக் கழுவுங்க. ரெண்டு வருஷம் தக்காளிய விட்டுட்டுச் சோளம் போடுங்க."

"அம்புட்டுத்தானா? இதுக்கா அஞ்சு வருஷம் படிச்ச?"

"அம்புட்டுத்தான்."

பத்து நாளில் சாமிக்கு வந்த கூட்டத்தில் பாதி, பத்து நிமிஷத்தில் இவளைவிட்டுக் கலைந்துபோனது.

மத்தியானம் கருப்பாயி காட்டு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கூடவே மொக்கைச்சாமியும் வந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனச்சுப்புட்டோம் தங்கச்சி."

கருப்பாயி மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டபடி, நிமிராமல் சொன்னாள்:

"தப்பா நெனச்சிருந்தாக்கூடப் பரவாயில்லண்ணே. நீங்க எங்க நெனச்சீக?"