எதிராளி தின்ற ஞானஸ்நான ரொட்டி

மதிப்புக்குரிய ஹெக்டர் அண்ணாவுக்கு, தங்கை ஐசோபெல் வணக்கத்துடன் எழுதுவது. இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ஓய்வுநாளில் பேனாவைத் தொடக்கூடாதே என்று ஞாயிறு கழிய நள்ளிரவு வரை காத்திருந்தேன். நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை நீங்கள் வாதாடப்போகும் நம் உலை வழக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். மளிகைக்கடை எடுபிடியாக இருந்து, கறுப்புப் பாறையைச் சுட்டு எண்ணெய் வடித்து, பாதி எடின்பரோவுக்கு விளக்கேற்றுகிற உங்கள் மாப்பிள்ளையின் பிழைப்பே, அந்த உலை அவர் கண்டுபிடித்ததா, பக்கத்து ஆலை மர்டோ கெய்ர்ன்ஸ் கண்டுபிடித்ததா என்பதில்தான் தொங்குகிறது. இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சே இல்லை. நேற்று பாப்பாவுக்கு ஞானஸ்நானம். பெண் குழந்தையென்றால் தேவாலயத்துக்குப் போகும் வழியில் முதலில் எதிர்ப்படும் ஆண்பிள்ளைக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுக்க வேண்டுமே, அதற்காக எங்கள் மேஸ்திரியைப் பாலத்தருகே நிறுத்தி வைத்திருந்தோம். ஞாயிறன்றும் அணையாத நம் உலைகளின் புகை பாலத்தையே மூடிவிட, ஆயா எஃபி யார் கையிலோ பொட்டலத்தைத் திணித்துவிட்டாள், புகை விலகினால் நிற்பவர் கெய்ர்ன்ஸ்! "அடியே, யார் கையில குடுத்த?" என்றேன். "மீசை தெரிஞ்சுதும்மா, குடுத்துட்டேன்" என்கிறாள். திருப்பி வாங்கினால் குழந்தைக்கு ஆகாது. வாங்கினவர் குழந்தையோடு கொஞ்ச தூரம் நடந்தும் ஆகவேண்டும். அவர் ரொட்டியை மென்றுகொண்டே கூட நடந்தார்.

நேராகப் பேசமாட்டார்களே, அதனால் பாப்பாவிடம் பேசினார்கள். "கண்ணு, உலைக்குப் பாறை கொட்ட மேல்வாசல் வச்சது யாருன்னு உங்கப்பாவைக் கேளு" என்றார் அவர். "செல்லம், மாமா மேல்வாசல் வச்சு என்னத்தைக் கிழிச்சாரு, கீழ நீராவி விட்டது யாருன்னு கேளு" என்று இவர் கத்தினார். அண்ணா, நான் கல்லூரியில் ரசாயனம் படித்தவள், சட்டம் படிக்கவில்லை. மேல்வாசல் அவருடையது என்று இவரே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? "ஓய்வுநாள்ல வியாபாரப் பேச்சா?" என்று தேவாலய வாசலில் போதகர் முறைத்தார். "நாங்க எங்க பேசுறோம் ஐயா, குழந்தையைக் கொஞ்சுறோம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்! அப்படியே வீட்டுக்கும் வந்து, "அமெரிக்காக்காரன் அடிமாட்டு விலைக்கு எண்ணெயைக் கொண்டாந்து கொட்டுறான், சேர்ந்தாத்தான் பிழைப்போம்னு சொல்லு பாப்பா" என்று கொஞ்சிக் கொஞ்சியே கூட்டுக் கம்பெனி வரைக்கும் போய்விட்டார்கள், இன்னும் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பால் கொடுக்கக் குழந்தையைக் கேட்டால், "இரும்மா, பேச்சு நடக்குதில்ல" என்கிறார் கெய்ர்ன்ஸ். பங்காளியாகப் போகிறவர் மேல் எதற்கு வழக்கு? வாபஸ் வாங்கிவிடுங்கள். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
குழம்பிப்போன தங்கை,
ஐசோபெல்

பி.கு.: வாபஸ் வாங்க வேண்டாம். பாப்பா தூங்கிவிட்டாள். நடுவில் ஆளில்லாமல் போகவே இருவரும் முகம் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. கம்பெனிக்கு யார் பெயர் முதலில் என்று பிடித்த சண்டையில் மேஜை கவிழ்ந்தது, கெய்ர்ன்ஸ் எழுந்து போய்விட்டார். ஆனால் வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "பாப்பா காலையில எத்தனை மணிக்கும்மா எழுந்திருப்பா?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.