மூடி அக்காவும் மூச்சு முட்டிய ஜெனரேட்டரும்

ஒரகடத்தில் மூடி அக்கா மூடாமல் விட்டுவைத்தது வானத்தை மட்டும்தான். கைக்கு எட்டாததால் அது தப்பித்தது.

அந்த வட்டாரத்தில் புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த எங்களைப் போன்ற பையன்களுக்குச் சோறு போட்ட மெஸ் அவருடையது. சாம்பார் அண்டாவுக்கு ஒரு மூடி, மூடிக்கு மேல் தட்டு, தட்டுக்கு மேல் அம்மிக் குழவி. பாதிச் சாப்பாட்டில் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால், திரும்புவதற்குள் நம் இலையைக்கூட மூடிவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

பக்கத்தில் ஒரு புதுத் தொழிற்சாலைக்குத் திறப்பு விழா வந்தது. மதியச் சாப்பாடு அக்காவின் பொறுப்பு. பிடித்துப்போனால் தினமும் அங்கே சாப்பாடு அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலை, வடைக்கு உளுந்து கிரைண்டரில் விழுந்ததும் கரண்ட் போனது. அக்கா அசரவில்லை. கொல்லையில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. கயிற்றை ஒரே இழுப்பு, கிரைண்டர் சுற்றியது. சற்று நேரத்தில் ஜெனரேட்டர் விக்கியது, இருமியது, நின்றது.

இரண்டாம் ஷிப்ட்டுக்குப் போகவேண்டிய நாங்கள் மொத்தமாகக் கொல்லையில் இறங்கினோம். நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஓடியது.

"கைராசிக்காரன்டா நீ" என்றார் அக்கா.

நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் நின்றது. என் அறைத்தோழன் கோவில்பட்டி முருகன், கார்புரேட்டரை ஸ்பேனரால் தட்டினான். ஓடியது. கைராசிப் பட்டம் அவனுக்குப் போனது. அதுவும் நின்றது. அக்கா இன்ஜினுக்கு விபூதி பூசினார். அதற்கும் ஓடியது, அதுதான் எங்களுக்குப் பெரிய அவமானம். விபூதியும் நிலைக்கவில்லை.

மாவு பாதியில் கிடந்தது. "பெட்ரோல் கீதா பாரு" என்றார் அக்கா. முருகன் டேங்க் மூடியைத் திருகினான். உள்ளே டேங்கின் வாயில் ஒரு பாலிதீன் பையை மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. பை கிண்ணம்போல் உள்ளே குழிந்து கிடந்தது. அதைப் பிய்த்ததும் 'உஸ்' என்று காற்று டேங்குக்குள் பாய்ந்தது.

"இத எதுக்குக்கா கெட்டுனீய?" என்று கேட்டான் முருகன்.

"மூடில ஓட்டை கீதுடா. பெட்ரோல் நாத்தம் சாம்பார் வரிக்கும் வருது. நேத்துதான் பாத்தேன், கட்டி வுட்டேன்."

"எண்ணெய் டின்னுல எதுக்கு ரெண்டு ஓட்டை போடுதீய?"

"ஒண்ணுல எண்ணெய் வரும், இன்னொண்ணுல காத்து போவும். இல்லாங்காட்டி எண்ணெய் ஊத்தாது."

"இதுக்கும் அதுதாங்க்கா. பெட்ரோல் கீழ எறங்குனா அந்த எடத்துக்கு மேல காத்து வரணும்லா? வழிய அடைச்சா பெட்ரோல் எறங்காது. நாம நோண்டுத நேரத்துல கொஞ்சம் காத்து கசிஞ்சிருக்கு, அதான் ஓடிருக்கு."

என் கைராசியும் அக்காவின் விபூதியும் ஒரே நொடியில் காலியாயின.

"அப்ப அந்த ஓட்டை தொறந்தே கெடக்கணும்ன்றியா?" என்று கேட்டபோது அக்காவின் முகம் பல் பிடுங்கியதுபோல் கோணியது. "தூசு வுழுந்தா?"

கடைசியில் இறங்கி வந்தார். பை இல்லாமல் டேங்க் மூடியை மாட்டவிட்டார். ஆனால் மாவு அரைத்து முடியும்வரை, ஒரு வாணலி மூடியை அதற்கு மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டே நின்றார். ஜெனரேட்டர் ஒருதரம்கூட இருமவில்லை. வடை பொரிந்தது, டெம்போ கிளம்பியது, நாங்கள் விசிலடித்தபடி பட்டினியாக ஷிப்ட்டுக்கு ஓடினோம்.

சாயங்காலம் எங்கள் கம்பெனி கேட்டிலிருந்து ஆள் வந்தது. போனால், தூக்குச்சட்டிகளோடு அக்கா நிற்கிறார். தினச் சாப்பாடு ஆர்டர் கிடைத்துவிட்டதாம். அதை அப்புறம்தான் சொன்னார்.

"இங்கல்லாம் நிக்கக் கூடாதும்மா. யாரு வேணும்?" என்று செக்யூரிட்டி அதட்டினார்.

"எம் புள்ளைங்க சாப்புடாம மெஷினாண்ட நின்னுக்கினு கீதுங்க."

"உன் புள்ளைங்க எத்தினி பேரு?"

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். "உள்ள பசியோட எத்தினி பேரு கீறாங்களோ, அத்தினி பேரு."

பிறகு எத்தனையோ கேன்டீன்களில் வரிசையில் நின்று சாப்பிட்டிருக்கிறேன். என்னைத் தேடிக்கொண்டு வாசல்வரை வந்த சோறு அது ஒன்றுதான்.