ஆயிரம் எம்பி வேகமும் எட்டு சதவீத வளையும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் நட்டும் சிக்னல் வராத ஒரு மூலையில், மாடக்கண்ணு என்ற முள்ளம்பன்றி மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் ஒரு வளையில் குடியிருந்தது. வளையை அதுவே தோண்டியது. பத்து வருடம் அதிலேயே வசித்தது. இவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தால் வம்பு வராமல் இருக்குமா?

வந்தது. "வளைகளுக்குப் பட்டா வழங்கப்படும். பத்து வருடம் வசித்ததற்கான வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் வளை அடுத்த விண்ணப்பதாரருக்கு" என்று காட்டு அலுவலகம் அறிவித்தது. மாடக்கண்ணுவின் வளைக்கு அடுத்த விண்ணப்பதாரர் ஓர் உடும்பு. அது அந்த வளைக்குள் வாலைக்கூட விட்டதில்லை.

வீடியோவுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளுக்கு முதல் முள் முளைத்ததிலிருந்து மனைவி எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தாள். டிஸ்க்தான் இல்லை. மாடக்கண்ணு ஆமை அண்ணாச்சி கடைக்குப் போனது. கடை வாசலில் 'முயலையே ஜெயித்த குடும்பம்' என்று பலகை. முயல் தூங்கிப்போன விவரத்துக்குப் பலகையில் இடம் போதவில்லை போலும்.

டிஸ்க் பெட்டியில் ஒரு சிறுத்தை பாய்ந்துகொண்டிருந்தது. கீழே, 'வினாடிக்கு ஆயிரம் எம்பி வரை!'

"அப்ப அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று கணக்குப் போட்ட மாடக்கண்ணு, வெள்ளிக்கிழமை மதியம் வரை நிம்மதியாகக் கிழங்கு தின்றது. அச்சடித்ததை நம்பும் பிராணி, பாவம்.

பன்னிரண்டு மணிக்கு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகியது. 'நாலு நிமிடம் மீதி' என்றது திரை. கொஞ்ச நேரத்தில் 'ரெண்டு மணி நேரம்' என்றது. பிறகு 'ரெண்டு நாள்' என்றது. மூன்றரை மணிக்கு எட்டு சதவீதம். மாடக்கண்ணு டிஸ்க்கை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடியது.

வழியில் ஆமைக் கடை.

"அண்ணாச்சி, என்ன இது? நத்தைகூட இதைவிட வேகமா போகுமே!"

"வரைன்னு போட்டிருக்கேப்பா. குளுகுளு ரூம்ல, புதுக் கம்ப்யூட்டர்ல, ஒரே ஒரு ஃபைலைப் போட்டா, முதல் பத்து வினாடி ஆயிரம் வரும். அதுக்கப்புறம் அது களைச்சுப் போயிடும்ல?" என்றது ஆமை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, நீ எதுக்கு டிஸ்க்கோட வாங்கின? எல்லாரும் வெறும் பெட்டிதான் வாங்கிட்டுப் போறாங்க" என்றது.

மாடக்கண்ணுவுக்கு இது புரியவில்லை. நல்லவர்களுக்கு எதுதான் நேரத்தில் புரிந்திருக்கிறது?

அலுவலகத்தில் கொக்கு ஒற்றைக்காலில் நின்று பதிவேடு எழுதிக்கொண்டிருந்தது. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"எவ்வளவு ஏறியிருக்கு?"

"எட்டு சதவீதம்தான் சார். மீதியெல்லாம் வீட்ல பத்திரமா இருக்கு. சத்தியமா பத்து வருஷமும் அங்கதான் சார் இருந்தோம்."

கொக்கு எழுதியது: 'விண்ணப்பதாரர் எட்டு சதவீதம் வசித்துள்ளார்.'

பின்னால் நின்ற உடும்பு ஒரு பெட்டியை நீட்டியது. உள்ளே காற்று மட்டும்தான். ஆனால் டிஸ்க்கைச் செருகிப் பார்க்கும் கெட்ட வழக்கம் அந்த அலுவலகத்தில் கிடையாது. பெட்டியைப் பார்த்து எழுதுவதுதான் முறை. கொக்கு சிறுத்தையைப் பார்த்தது, ஆயிரத்தைப் பார்த்தது. 'மிகவும் திருப்தி' என்று எழுதி முத்திரை குத்தியது.

சட்டம் சட்டம்தான். வளையில் எட்டு சதவீதம் மாடக்கண்ணுவுக்கு, மீதி உடும்புக்கு என்று தீர்ப்பானது. எட்டு சதவீதம் என்றால் சரியாக வாசல் மட்டும். ஐந்து பேரும் முறைவைத்துத் தலையை உள்ளே நீட்டிக்கொள்ளலாம், உடம்பு மழையில்.

ஞாயிற்றுக்கிழமை, வளைக்கு வெளியே மரத்தடியில், மறுபடி டிஸ்க்கைச் செருகி வைத்திருந்த கம்ப்யூட்டர் திரையில் எழுத்து மின்னியது: 'நூறு சதவீதம். வெற்றிகரமாக முடிந்தது. வாழ்த்துகள்!'

நீதி: உண்மையை உள்ளே ஏற்றிக்கொண்டிருப்பவனுக்கு நேரம் போதாது; ஆகவே பிள்ளைகளே, நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.