முப்பத்து நான்கு அங்குல மார்பும் ஒரு தைராய்டு மாத்திரையும்

நான் பெரிய கோழை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது, ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் பாதி நேரம் நடுங்கிக்கொண்டுதான் இருப்பேன். கோழைத்தனத்தோடு முட்டாள்தனமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமா? துபாய் சத்வாவில் நான் வேலை செய்யும் தையல்கடைக்கு வந்து கேளுங்கள். (யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வார்கள்.)

அங்கே நான் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க ஆண்களின் மார்பை அளப்பதுதான் பிழைப்பு. ஜிம்மிலிருந்து நேராகக் கடைக்கு வருகிறவர்கள் நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு என்று மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார்கள். என் மார்பு முப்பத்து நான்கு, வயிறு முப்பத்தெட்டு. அளவெடுப்பவனை யாரும் அளப்பதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த வயிற்றுக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்குத் தைராய்டு குறைவு. லீவில் ஊருக்குப் போனபோது கண்டுபிடித்து, தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். இங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. "அது பொம்பளைங்களுக்கு வர்றதுல்ல?" என்று ரூமில் சிரிப்பார்களோ என்று ஒரு பயம். கம்பெனிக்குத் தெரிந்தால் விசா மெடிக்கலில் 'அன்ஃபிட்' ஆக்கி ஊருக்கு ஏற்றிவிடுவார்களோ என்று இன்னொரு பயம். அதனால் லீவு முடிந்து வருகிறவர்களிடம் என் மனைவி சம்சாத் முறுக்கு டப்பா கொடுத்துவிடுவாள். முறுக்குக்கு அடியில் மாத்திரை இருக்கும். அதை வைட்டமின் டப்பாவில் கொட்டிவைத்து, வைட்டமின் என்று சொல்லியே விழுங்கினேன். ரத்தப் பரிசோதனை என்று ஒன்றிருப்பதையே இரண்டு வருடமாக மறந்திருந்தேன்.

அடுத்த லீவுக்கு மூன்று மாதம் இருந்தபோதுதான் அந்த ஆசை பிடித்தது. ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும் சம்சாத் அசந்துபோக வேண்டும்! ரூமில் என் பக்கத்துக் கட்டில்காரன் குமரேசன், பட்டுக்கோட்டைப் பக்கம். அவன் கை என் தொடை அளவு இருக்கும்.

"இதப் போடு பாய், ரெண்டே மாசம். நீ தச்ச சட்டை உனக்கே பிரியும்" என்று ஒரு டப்பாவை நீட்டினான். மேலே சிங்கத்தின் படம். ஜிம்மில் யாரோ கொடுத்ததாம், ஹார்மோன் பூஸ்டராம்.

"பக்க விளைவு ஏதும்?"

"மாஃபி, ஒண்ணுமே இல்ல! எல்லாம் இயற்கை. உனக்கு வேற நோய்நொடி ஒண்ணும் இல்லைல்ல?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நானே இன்றும் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் அமர்க்களம். எடை இறங்கியது, கண்ணாடி பார்க்கும் நேரம் ஏறியது. இரண்டாவது வாரம் ஏசிக்குக் கீழே நின்றும் வியர்த்தது. கத்தரிக்கோல் கோட்டை விட்டு விலகியது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் சிங்க டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பான். நான் யோசித்தேன். உடம்பில் கோளாறு என்றால் அது தைராய்டுதானே, மாத்திரை போதவில்லை போல! அன்றிலிருந்து காலையில் இரண்டு தைராய்டு மாத்திரை விழுங்கினேன், சிங்கத்தையும் விடவில்லை.

நான்காம் நாள் ஒரு அரபிக்காரர் கந்தூரா என்கிற நீள அங்கி தைக்க வந்தார். தோளிலிருந்து கால்வரை டேப்பைப் பிடித்தேன். டேப் ஆடியது. இறுக்கிப் பிடித்தேன், இன்னும் ஆடியது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே என் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். உட்கார்ந்தும் நெஞ்சு ஓட்டத்தை நிறுத்தவில்லை. தாறுமாறாக, நடுவில் ஒரு அடி தப்பித் தப்பி அடித்தது. போன வருடம் எங்கள் பில்டிங்கிலிருந்து ஒருவர் சவப்பெட்டியில் ஊருக்குப் போயிருந்தார். அவர் முகமும், ஏர்போர்ட்டில் பெட்டிக்காகக் காத்து நிற்கும் சம்சாத்தும், அவள் இடுப்பில் என் மகள் ஆயிஷாவும் கண்ணுக்குள் வந்துவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பயம் போல ஒன்றை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

கடையிலிருந்து போன் போய், குமரேசன் டியூட்டியை விட்டு ஓடிவந்தான். கிளினிக்கில் மலையாளி லேடி டாக்டர். மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, என் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். விரல்கள் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாள் கோழி இறக்கை மாதிரி படபடத்தது.

"என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"சேட்டா, ஹார்ட் இப்படி ஓடுது. பொய் சொன்னா எனக்கு என்ன நஷ்டம்?"

நான் குமரேசனைப் பார்த்தேன். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. அதற்குமேல் தாங்கவில்லை. தைராய்டு, வைட்டமின் டப்பா, சிங்கம், இரண்டு மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "விசா போயிருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தைராய்டுக்கு யாரும் விசா கேன்சல் பண்றதில்ல. உயிர் போனா விசா எதுக்கு?" என்றவர், நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சிங்க டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன இருக்குன்னு டப்பாவை நம்ப முடியாது. சிலதுல தைராய்டு ஹார்மோனையே சேர்க்குறாங்க. ஆண் ஹார்மோன் இருந்தா, உங்க மாத்திரையே அளவுக்கு மேல வேலை செய்யலாம். நீங்க அதையும் ரெண்டாக்கிட்டீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாய்" என்றான் குமரேசன். "நான் உன்ன கொன்னுருப்பேனே பாய்!"

இரண்டு நாள் படுக்க வைத்துக் கவனித்தார்கள். சிங்கம் குப்பைக்குப் போனது. தைராய்டு மாத்திரையை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டரே திரும்ப ஆரம்பித்தார், பழைய ஒன்றே ஒன்று. கை அடங்க வாரங்கள் ஆயின. அதுவரை முதலாளி என்னைப் பட்டன் எண்ணும் வேலையில் உட்கார வைத்தார்.

குமரேசன் சம்சாத்துக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டான். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. அன்றிலிருந்து வீடியோ காலில் சலாம் சொன்னதும் ஒரே வார்த்தை: "கைய நீட்டுங்க." நான் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, விரல் மேல் கடை பில்லை வைத்துக் காட்ட வேண்டும். ஆயிஷா எட்டிப் பார்த்து, "அத்தா பாஸ்" என்று சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு.

லீவில் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கினேன். அதே முப்பத்து நான்கு. ஆயிஷா ஓடிவந்தாள். சாக்லேட் கேட்கவில்லை, கையிலிருந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். "அத்தா, கைய நீட்டுங்க." அத்தனை பேர் நடுவில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நீட்டினேன். தாள் ஆடியது. படபடவென்று ஆடியது.

சம்சாத்தின் முகம் வெளிறிவிட்டது. "மறுபடியும் என்னத்தங்க தின்னீங்க?"

"ஒண்ணும் திங்கல. உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டேன்ல, அதான்."

அவள் நம்பவில்லை. வீடு வரும்வரை காரில் என் நாடியைப் பிடித்தபடியே வந்தாள். இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் கல்யாணமென்றாலும் பந்தியில் ஆயிஷா அதைச் சொல்லாமல் விடுவதில்லை: "எங்க அத்தா துபாயில எல்லாத்துலயும் பாஸ். திருச்சி ஏர்போர்ட்ல மட்டும் ஃபெயில்."