சிவப்பு அம்பு ஒட்டிய குடும்பங்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது மெர்சி. போன ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து, டீயும் பன்னும் வாங்க வரிசையில் நின்றபோது சொன்னாள். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள், முடிக்கும்போது சிரிக்கவில்லை. மெர்சி ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருப்பவள். பொய் சொல்லத் தெரியாது. கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். கூட்டியதை நான் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெரிய ஊர்களில் இப்போது பாட்டுக் கச்சேரிக்கு லைவ் கான்சர்ட் என்று பெயர். காசு கொடுத்து நாற்காலி வாங்கி, அதில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்பார்களாம். மேடையில் பாடுகிறவரை நேரே பார்க்காமல், தூக்கிப் பிடித்த போனுக்குள் பார்ப்பார்களாம். இப்படிப்பட்ட முன்னேற்றம் நம் ஊருக்கும் வந்தே தீரவேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, நகரக் கேளிக்கை மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சிறப்பு அலுவலராகக் கோதண்டராமன் என்பவர் வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் கொசு மருந்துப் புகை அடிக்கும் பிரிவில் இருந்தார். சத்தத்தில் அனுபவம் உள்ளவர் என்று கருதியிருக்கலாம்.

'குடும்பத்தினருக்கு உகந்த நேரடி இசை நிகழ்ச்சி நடத்துக' என்று அவருக்கு உத்தரவு. கடமை தவறாத மனுஷன், அதை ஆழ்ந்து யோசித்தார். பாட்டு குடும்பத்துக்கு உகந்ததா என்று பார்க்கவேண்டும். அது மட்டும் போதுமா? கேட்க வருவது குடும்பம்தானா என்றும் பார்க்கவேண்டும் அல்லவா?

முதலில் பாட்டுகளைப் பார்த்தார். பாட வந்தவர்களில் நந்தினி என்று ஒரு பெண். அவளுடைய அம்மா சம்பூர்ணம், மெர்சிக்குப் பக்கத்து மெஷினில் தைப்பவள். புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாக ஓவர்டைம் பார்த்து, பெண்ணுக்குப் பாட்டு கற்றுக்கொடுத்தவள். ஆனால் பெண் மேடையில் பாடி அம்மா ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. காலேஜ் விழாவோ கல்யாண வீடோ, அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் ஏற்றுமதிக்குச் சரக்குப் போகும், லீவு கிடையாது. இந்தத் தடவை லீவு சொல்லிவிட்டாள். "வேற ஒண்ணும் வேணாம் மெர்சி. அது மேடையில பாடறத இந்தக் காதால கேட்டுட்டாப் போதும்" என்றாளாம்.

"இன்னா பாட்டும்மா?" என்று கோதண்டராமன் நந்தினியிடம் கேட்டார்.

"நிலாவைப் பார்த்துப் பாடறது சார். கண்ணேன்னு ஆரம்பிக்கும்."

"யாரைக் கண்ணேன்னு கூப்பிடறீங்க?"

"பாட்டுல வர்ற ஆளை சார்."

"கல்யாணம் ஆனவங்களா?"

"நிலாவா சார்?"

"கூப்பிடறவங்களும், கூப்பிடப்படறவங்களும்."

"அது பாட்டுல இல்லீங்க."

"அப்ப சந்தேகத்துக்கு இடமிருக்கு."

சோகப்பாட்டு குழந்தைகளை அழவைக்கும், வேகப்பாட்டு பெரியவர்களுக்குப் படபடப்பு தரும், பக்திப்பாட்டு எந்தச் சாமிக்கு முதலில் என்ற கேள்வியை எழுப்பும் என்று மற்றவற்றையும் உரிய முறையில் பரிசீலித்தார்கள். கடைசியில் நந்தினியின் பாட்டில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் அனுமதி கிடைத்தது. இடையில் உள்ளதை வாயை மூடிக்கொண்டு ராகமாக இழுக்க ஆட்சேபணை இல்லை என்றார்கள்.

"ரெண்டு வரியானாலும் என் பொண்ணு வரி" என்று சம்பூர்ணம் சந்தோஷமாகவே இருந்தாள்.

அடுத்தது வாசல். வருவது குடும்பம்தானா என்று பரிசோதிக்க வேண்டும். பிரிவில் யாருக்கும் குடும்பத்தைப் பரிசோதித்த அனுபவம் இல்லை. நம் பக்கத்தில் பரிசோதனை என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆகவே, ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங்கில் இருந்து ஓய்வுபெற்ற முனிரத்தினம் ஐயாவைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்து அனுப்பிய பெட்டியை வெளிநாட்டுக்காரன் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டான் என்று பேர். நல்ல மனுஷர். பழைய வெள்ளை விளக்கு, மேசை, குறை இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் எல்லாவற்றோடும் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனியில் ஒரு பெட்டியில் ஒரு ஜோடியை எடுத்துப் பார்ப்பார்கள். அது பழுது என்றால் பெட்டியே திரும்பிப் போகும். குடும்பத்துக்கும் அதையே வைத்தார்.

மெர்சி தன் வீட்டுக்காரர் டேனியலோடு போனாள். முனிரத்தினம் டேனியலை விளக்கடியில் நிறுத்தி, "உங்க கல்யாண நாள் என்னிக்கு?" என்றார்.

டேனியல் மெர்சியைப் பார்த்தார்.

"அங்க பாக்காதீங்க. இங்க பாருங்க."

"குளிர் காலம் சார். நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்."

நெற்றியில் ஒரு அம்பு ஒட்டினார். "ரீவொர்க்" என்று மைதானத்துக்குப் பக்கத்துக் காலி மனையைக் காட்டினார். சரிசெய்து கொண்டுவந்தால் திரும்பவும் பார்ப்பாராம். மெர்சிக்கு நாள் தெரியும். ஆனாலும் ஒரே பெட்டி என்பதால் அவளும் போகவேண்டியதாயிற்று.

பின்னால் ஷஹீன் பானு, வாணியம்பாடியிலிருந்து மாமியார், கொழுந்தன், நாத்தனார், பிள்ளைகள் என்று வேன் நிறைய வந்திருந்தாள். மாதிரிக்கு மாமியாரை எடுத்தார்.

"மருமக எப்படிம்மா?"

"இருக்கா" என்றார் மாமியார்.

அந்த ஒரு வார்த்தைக்கு வேனே திரும்பியது. "ஏன் மாமி, நல்லா இருக்கான்னு சொன்னா இன்னா, கம்மியாப் போயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே ஷஹீன் பானு காலி மனையில் பாயை விரித்தாள்.

அடுத்து சம்பூர்ணம்.

"கூட யாரு?"

"யாரும் இல்லீங்கண்ணா. பொண்ணு உள்ள பாடுது."

"பாடறவங்க சரக்கு குடுக்கறவங்க கணக்கு. நீங்க வாங்கறவங்க கணக்கு. ரெண்டையும் கலக்க முடியாதும்மா. வூட்டுக்காரரு?"

"போய்ச் சேர்ந்துட்டாருங்க."

முனிரத்தினம் எழுந்து நின்று கைகூப்பினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். உட்கார்ந்து, "ஆனா ஜோடி ஜோடிதாம்மா" என்றார்.

"நம்ம கூட வரட்டும் சார்" என்று ஷஹீன் பானு பாயிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஒரே பெட்டியில கலர் மாறுதேம்மா."

"எங்க வூட்டு ஆம்பளைங்களே ஒரு கலரா இல்லியே சார்."

அவர் அசையவில்லை. ஆனால் சம்பூர்ணத்திடம் அம்பை எங்கே ஒட்டுவது என்று திணறினார். தையல் சரி, மடிப்பு சரி, ஆளிடம் ஒரு குறையும் இல்லை. ரொம்ப நேரம் யோசித்து, யாரும் நிற்காத பக்கமாகப் பார்த்து, இடது தோளில் ஒட்டினார். சம்பூர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே காலி மனைக்கு வந்தாள்.

மைதானத்துக்குள் நாற்காலிகள் மட்டும் நேர்த்தியாக உட்கார்ந்திருந்தன. பாஸ் ஆனது ஒரே ஜோடி: போன வாரம் கல்யாணம் ஆன நவீன்குமாரும் ஷர்மிளாவும். இன்னும் ஒரு விஷயத்திலும் அவர்கள் மாறுபடத் தொடங்கவில்லை. கூட்டம் ஏன் இல்லை என்று பார்க்க வெளியே வந்த கோதண்டராமன் திரும்ப உள்ளே போக முடியவில்லை. அவர் சம்சாரம் கோபித்துக்கொண்டு ஆலங்காயத்தில் அம்மா வீட்டில் இருந்தார்.

"ஆர்டர் போட்டதே நான்தான்யா" என்றார்.

"தெரியும் சார். ஆர்டர் போட்டவங்க பேர்ல வர்ற சரக்கை நான் ஜாஸ்தி கவனமாப் பாப்பேன்" என்று முனிரத்தினம் அவர் சட்டைப் பையிலும் ஒரு அம்பை ஒட்டிவிட்டார்.

காலி மனையில் இப்போது ஊரே இருந்தது. காற்று மேடைப் பக்கமிருந்து அடித்ததால் பாட்டு அங்கேதான் நன்றாகக் கேட்டது. சுண்டல் வந்தது. ரீவொர்க்குக்காகப் பேச ஆரம்பித்த சண்டைக்காரர்கள், ரீவொர்க்கை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ நெற்றி அம்போடு போட்டோ எடுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான், அதுவே ஃபேஷன் ஆகிவிட்டது. ஒரு அம்பு இருந்தவர்கள் ரெண்டு அம்பு வேண்டும் என்று முனிரத்தினத்திடம் திரும்பிப் போய் நின்றார்கள். அம்பு ஜாஸ்தி உள்ளவர்களுக்குப் பாயில் முன் இடம் என்று தானாக ஒரு ஒழுங்கு வந்தது. துணைக்கு யாரும் இல்லாமல் வந்து ரிஜெக்ட் ஆனது சம்பூர்ணம் ஒருத்திதான் என்று கண்டுபிடித்து, அவளை எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். வாழ்க்கையில் யாரும் அவளை முன்னால் உட்காரச் சொன்னதில்லை. அவள் தோளைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டாள்.

உள்ளே நாற்காலிகளுக்கு நடுவில் பயந்துபோன நவீன்குமாரும் ஷர்மிளாவும் வெளியே வந்து, பாயின் ஓரத்தில் உட்காரப் போனார்கள்.

"இரும்மா" என்றாள் சம்பூர்ணம். "அம்பு எங்க?"

"எங்களுக்கு ஒட்டலீங்க அக்கா. நாங்க பாஸ்."

"பாஸ் ஆனவங்களுக்கு உள்ள இடம் இருக்கே."

"உள்ள யாரும் இல்ல, பேஜாரா இருக்கு. இப்படி ஓரமா..."

"ஓரம் இன்னா, நடு இன்னா? இங்க ஒரு முறை இருக்கு இல்ல?"

"கரெக்ட்" என்றார் டேனியல், நெற்றி அம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

ஷஹீன் பானுவின் மாமியார் இருவரையும் போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டம் முழுக்க எழுந்து வந்து சுற்றி நின்றது. கோதண்டராமன், அவசரப்பட வேண்டாம், பரிசீலிப்போம் என்றார். இரண்டு பேரும் சண்டை போட்டுக் காட்டட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. எதைப் பற்றி என்று ஷர்மிளா கேட்டாள். ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கொடுத்தார்கள். சம்பூர்ணம் கை உயர்த்தி, "ஒவ்வொருத்தராப் பேசுங்க" என்றாள்.

மேடைப் பக்கம் கைதட்டல் கேட்டது. வாத்தியக்காரர்கள் மட்டும் தட்டின கைதட்டல்.

"யாரு பாடினது?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

மெர்சி எட்டி மேடையைப் பார்த்தாளாம். அப்புறம், "உன் பொண்ணுதான்க்கா. ரெண்டு வரிதானே" என்றாளாம்.

கொஞ்ச நேரத்தில் நந்தினி மேடை இறங்கி ஓடிவந்தாள். "எப்டிம்மா இருந்துச்சு? வெளியே கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சும்மா" என்றாள் சம்பூர்ணம். தோளில் அம்பு அப்படியே இருந்தது.

நீங்கள் அன்று அந்தக் காலி மனையில் இருந்திருந்தால், உங்கள் போனில் அந்த ரெண்டு வரி பதிவாகியிருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். மெர்சி இதுவரை கேட்ட எல்லாரிடமும் அந்த நேரத்து வீடியோ இருக்கிறது. அதில் எல்லாரும் ஷர்மிளாவைத்தான் படம் பிடித்திருக்கிறார்கள், சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. உங்களிடம் இருந்தால் மெர்சிக்கு அனுப்பிவிடுங்கள். நந்தினிக்குத் தெரியவேண்டாம்.