ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல்

நூற்று முப்பது பெயர் அட்டைகளும் கையால் எழுதி, மையும் காய்ந்த பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தொலைபேசி வந்தது. மை காய்ந்த பிறகு நல்ல செய்தி வந்ததே இல்லை என்பது மோரீன் டாலிவரின் இருபத்தாறு வருட அனுபவம்.

அதிபர் மாளிகை விருந்துகளில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. ஊரையே உட்கார வைப்பவளுக்கு அன்று காலை ஏழிலிருந்து உட்கார நேரமில்லை. அன்றைய விருந்தாளி வடகடல் தீவு நாடு ஒன்றின் அதிபர் ஸ்டென்வால். கூடவே அவர் மனைவி இங்கிலா. தொலைபேசியில் அவர்களுடைய அதிகாரி.

"மேடம், சின்ன விஷயம். எங்க அதிபரும் அவர் சம்சாரமும் ஒரே மேஜையில வேண்டாம்."

"நாங்க எப்பவுமே புருஷன் பெண்டாட்டியச் சேர்த்து உட்கார வைக்கிறதில்லைங்க. அவர் எங்க அதிபரம்மா மேஜையில. அந்தம்மா எங்க அதிபர் மேஜையில."

"அது பத்தாது. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவே கூடாது. அதுவும் உங்க அதிபர் பேசும்போது."

"ஏன்?"

"காரணம் சொல்ல எனக்கு அனுமதியில்ல." தொடர்பு துண்டிக்கப்பட்டது.

காரணம் வேறு சொல்ல வேண்டுமா என்ன? விவாகரத்துதான் என்று மோரீன் முடிவு கட்டினாள். நேராகப் போய் மேலதிகாரி கிம்பாலிடம் சொன்னாள்.

கிம்பால் கண்ணாடியைக் கழற்றினாள். "நாளைக்குக் காலையில மீன்பிடி ஒப்பந்தம் கையெழுத்தாகணும் மோரீன். இங்க ஏதாவது ரசாபாசம் ஆச்சுன்னா விசாரணை. விசாரணைன்னா உங்க லீவு…"

"போச்சு. தெரியும்."

ஆறு வருடங்களாகத் தள்ளிப்போன விடுமுறை அது. ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு நாட்டுக்காரர் பசியோடு வந்து சேர்ந்துவிடுவார். இந்த முறை அவள் கணவன் வால்ட் நேற்றே காரின் மேல் படகைக் கட்டிவிட்டான். விடிந்தால் ஏரிக்குப் புறப்பட வேண்டும்.

முதலில் ஸ்டென்வாலின் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். கிம்பால் எட்டிப் பார்த்துவிட்டு, "அதிபர் பேசும்போது விருந்தாளி முதுகைக் காட்டுவாரா? நாளைக்குப் பேப்பர்ல முதுகுதான் வரும்" என்றாள்.

அவர் மேஜையையே கூடத்தின் மறுகோடிக்கு நகர்த்தினார்கள். அதற்காக இரண்டு செனட்டர்கள் இடம் மாற, அவர்களால் ஒரு நீதிபதி இடம் மாற, பதினொரு அட்டைகளை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பூ அலங்காரக்காரர் டெஸ்மண்டை இங்கிலாவின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மோரீன் ஸ்டென்வாலின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதிலிருந்து டெஸ்மண்ட் கையாட்டினார்.

"துணி போட்டு மூடிடலாமா?"

"கண்ணாடிய மூடினா எழவு வீடு மாதிரி இருக்கும்மா."

"அப்ப நீதான் காப்பாத்தணும் டெஸ்மண்ட். உயரமா பூ வை."

டெஸ்மண்டுக்குச் சுருக்கென்றது. "உட்கார்ந்திருக்கிறவங்க கண்ணுக்கு மேல பூ போகக் கூடாது. இது நீ எனக்குப் போட்ட சட்டம். பத்தொன்பது வருஷமா திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தே."

"இன்னிக்கு மட்டும் மறந்துடு. கெஞ்சிக் கேட்கிறேன்."

மரக்கிளைகளை வெட்டி வந்து, ஸ்டென்வாலின் மேஜையோரம் தரையிலிருந்து ஐந்தடி உயரத்துக்குப் பூப்புதர் கட்டினார். ஆறு மணிக்கு கிம்பால் வந்து நின்றாள்.

"நம்ம அதிபரம்மா நாற்காலி எங்க?"

"உள்ளதான் இருக்கு" என்றார் டெஸ்மண்ட்.

கேமராவுக்கு அதிபரம்மா முகம் தெரிய, புதரில் ஒரு ஜன்னல் வெட்டினார்கள். உள்ளங்கையெல்லாம் மையும் பிசினுமாக மோரீன் கடைசி அட்டையை வைத்தபோது வாசலில் கார்கள் வந்துவிட்டன.

சூப் போயிற்று. மீன் போயிற்று. தம்பதியர் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கூடத்தின் கதவோரம் நின்ற மோரீன் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக மூச்சு விட்டாள். பக்கத்தில் விருந்தாளிகளின் மொழிபெயர்ப்பாளர் ரூனா, தன் முறைக்காகக் காத்து நின்றாள்.

விருந்து கொடுக்கும் அதிபர் எழுந்தார். மூன்று முறை கனைத்தார். டையைத் தொட்டுக்கொண்டார். "எங்க தாத்தா ஒரு ஏழை மீனவர்…" என்று தொடங்கி, கோப்பையை உயர்த்தினார். வழக்கப்படி நூற்று முப்பது பேரும் கோப்பையோடு எழுந்து நின்றார்கள்.

இருபத்தாறு வருடங்களாக மோரீன் உட்காருபவர்களுக்குத்தான் வரைபடம் போட்டிருக்கிறாள். ஸ்டென்வால் ஆறே கால் அடி. இங்கிலாவும் அவருக்குச் சளைத்தவள் அல்ல. புதருக்கு மேலாக இரண்டு தலைகள் எழுந்தன. நான்கு கண்கள் சந்தித்தன.

ஸ்டென்வாலின் தோள்கள் குலுங்கின. ஒயின் மேஜைவிரிப்பில் சிந்தியது. இங்கிலா கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். வால்ட் படகை அவிழ்க்க வேண்டியதுதான் என்று மோரீன் நினைத்தாள். அழுகை வந்தது, ஆனால் அழக்கூடத் தெம்பில்லை.

அதிபர் அந்த ஈரக் கண்களைப் பார்த்தார். அவர் குரலும் தழுதழுத்தது. தாத்தாவின் ஓட்டைப் படகு வரை வந்தவர் அதற்கு மேல் பேச முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செனட்டர்கள் இருவரும் மூக்கைச் சிந்தினார்கள். பிறகு எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கிம்பால் ஓடி வந்து மோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்படி ஒரு உருக்கமான விருந்து நான் பார்த்ததே இல்ல! ஒப்பந்தம் முடிஞ்ச மாதிரிதான். நீங்க நிம்மதியா ஏரிக்குப் போங்க." அவள் கண்ணிலும் நீர்.

அவள் போனதும் மோரீன் ரூனாவிடம் தணிந்த குரலில் கேட்டாள். "பாவம், ரெண்டு பேரும் பிரிஞ்சு எவ்வளவு நாளாச்சும்மா?"

"பிரியறதா? காலையில வரவேற்புல உங்க அதிபர் பேசினதைப் பார்த்துட்டு, எங்க அதிபர் மத்தியானம் பூரா ரூம்ல மூணு தடவை கனைச்சு, டையைத் தொட்டு, அந்தத் தாத்தா கதைய அந்தம்மாவுக்கு அப்படியே நடிச்சுக் காட்டிக்கிட்டிருந்தார்; அதுலேருந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தா சிரிப்பை அடக்க முடியலையாம் மேடம்."