பாலத்துக்கு அடியில் அழகம்மாள்

என் ஐம்பத்திரண்டு வருட வாழ்க்கையில் நான் எடுத்த தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். அதையும் என் மனைவி எடுத்துக்கொண்டு ஸ்வீடனுக்குப் போய்விட்டாள்.

இது 1979 ஜூலை. கொடைக்கானலில் ஒரு பங்களாச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறு நாளாக மழை. ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. தீப்பெட்டி நமத்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகலாம் என்றால் ஒயர்க்கூடையைக் காணோம். எங்கே வைத்துவிட்டுப் போனாளோ, ஒன்றரை மாதமாகத் தேடுகிறேன். உருளைக்கிழங்கை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வருகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானாக இருந்தாலும் சிரிப்பேன்.

பங்களா எல்சாம்மாவுடையது. ஸ்வீடன் நாட்டு டீச்சர். முப்பது வருடம் இந்த மலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். தமிழ் பேசுவார், ஆனால் பைபிளை வாசிக்கிற மாதிரி பேசுவார். நான் அவருக்குச் சமையல். என் மனைவி அழகம்மாள் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்து, அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். எங்கள் ஒரே மகளைப் போளூரில் கட்டிக் கொடுத்துவிட்டோம். அதனால் எங்களுக்கும் எல்சாம்மாவை விட்டால் வேறு ஆள் இல்லை.

சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கும். எல்சாம்மா பிறந்த ஊர். ஒரு பக்கம் துறைமுகம், பெரிய கப்பல்கள். ஊருக்குள்ளே தெருவுக்குப் பதில் வாய்க்கால், வாய்க்காலில் தட்டையான படகு, படகில் தொப்பி வைத்த ஜனங்கள். பத்தொன்பது வருடமாக அந்தப் படத்தைத் தினமும் துடைத்தவன் நான். எத்தனை தொப்பி என்றுகூடச் சொல்வேன். பக்கத்திலிருக்கும் பெருமாள்மலையைத் தாண்டிப் போவதே வருடத்துக்கு ஒரு தடவைதான். ஆனால் அந்தப் படகில் ஏறி உட்கார வேண்டும் என்று எனக்குள்ளே ஒரு ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. அழகம்மாளிடம்கூட.

தை மாதம் ஒருநாள் எல்சாம்மா எங்களைக் கூப்பிட்டார்.

"ஜூன் மாதத்தில் நான் என் ஊருக்குத் திரும்புகிறேன். எனக்குக் கால் வலுவில்லை. நீங்கள் என்னோடு வந்து நான்கு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். யார் வருகிறீர்கள் என்று உங்களுக்குள் பேசி எனக்குச் சொல்லுங்கள்."

யார் என்றால் ஒருவர்தானே? அன்றைக்கு எடுத்தேன் தீர்மானத்தை. போவது நான்.

ஆனால் அதை அழகம்மாளிடம் எப்படிச் சொல்வது? 'நீ வர வேண்டாம்' என்று நேராகச் சொல்லும் தைரியம் எனக்குக் கல்யாணத்தன்றே போய்விட்டது. அவளாகவே 'நான் வரலை' என்று சொல்ல வேண்டும். ஏரியில் படகு ஓட்டும் வீரையாவிடம் யோசனை கேட்கப் போனேன். வீரையா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வரை கப்பலில் வந்தவர். மூன்று மணி நேரம்தான். ஆனாலும் எங்கள் நாயுடுபுரத்தில் கடலைப் பற்றிப் பேச அவர் ஒருவர்தான் இருந்தார்.

"பயங் காட்டு தம்பி," என்றார். "எங்க வீட்டுக்காரி கப்பல்ல எடுத்த வாந்திக்கு, இன்னிக்கும் ஏரிப் பக்கமே வர மாட்டா."

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன்.

"ஏ புள்ள, அந்த ஊருல ஒரு பாலம் இருக்கு தெரியுமா?"

"எங்க ஊருலயும் இருக்குங்க."

"இது அப்பிடி இல்ல. படகு அதுக்கு அடியில போகுது. பாலத்துக்கும் படகுக்கும் நடுவுல ஒரு சாண்தான். அந்தப் பாலத்துக்குப் பேரே கட்டி சீவுற கத்தி."

பேர் மட்டும் உண்மை. பாலாடைக்கட்டி சீவும் கத்தி என்று எல்சாம்மா எப்போதோ சொல்லியிருந்தார். மீதி என் கைவேலை.

"அய்யய்யோ. அப்ப ஒக்காந்திருக்கவங்க தலை?"

"போன வருசம் மட்டும் நாலு தலை."

அழகம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் நடை. "அங்க பஸ்ஸு கெடையாது புள்ள. விடிஞ்சா அடைஞ்சா கல்லுத் தெருவுல நடைதான். குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு நாலு தடவை போய்ட்டு வார தூரம்."

"எங்குட்டுப் போறதுக்கு அம்புட்டு நடை?"

"மாதாகோயிலுக்கு. உள்ள போனா பூராம் மீனு விக்கிறாங்க."

"கோயிலுக்குள்ள மீனா?"

"அதையும் பச்சையாத் திங்கிறாங்க."

அதற்கு மறுநாள் சூரியன். அங்கே சூரியன் விழுவதே இல்லை, ராத்திரி என்று ஒன்று கிடையாது, தூக்கமில்லாமல் பாதி ஊர் பைத்தியம் என்றேன். அவள் ஒவ்வொன்றையும் வாய் பிளந்து கேட்டாள். "பொறவு?" என்று வேறு கேட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை. அந்த மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரியாமல் நடந்தது, பிறகு எல்சாம்மா வாயால் கேட்டது என்னவென்றால், சாயங்காலம் நான் சொன்னதை அவள் மறுநாள் வெள்ளனே காபியோடு கொண்டுபோய் எல்சாம்மாவிடம் கேட்டிருக்கிறாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். தலை சீவும் பாலமாமே, நெசமாம்மா? மீன் விக்கிற கோயிலாமே, அது எங்குட்டு இருக்கு? முப்பது வருடத்தில் இந்த மலையில் ஒருவர்கூட எல்சாம்மாவிடம் அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டதில்லை. நானும்தான். துடைத்தேனே தவிர, கேட்கவில்லை. அவர் சந்தோஷத்தில் ஊர் வரைபடத்தையே மெத்தையில் விரித்துவிட்டார்.

எனக்கு இன்னொரு கஷ்டம் வந்தது. தினமும் சொல்லிச் சொல்லி, அந்தப் பாலத்துக்கு நானே பயப்பட ஆரம்பித்துவிட்டேன். படத்தைத் துடைக்கும்போது தலையைக் குனிந்துகொண்டேன். பழகிக்கொள்ளலாம் என்று வீரையாவின் படகில் ஏறினேன். கரையோர மரத்தின் கிளை ஒன்று தலைக்கு மேலே வந்தது. நான் போட்ட சத்தத்தில் டூரிஸ்டுகள் போட்டோ எடுத்தார்கள். வீரையா உடனே என்னைக் கரையில் இறக்கிவிட்டார்.

முடிவு சொல்லும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்சாம்மா அந்தப் படத்துக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யார் வருகிறீர்கள்?"

"நான்தாம்மா," என்றேன்.

"நீ மட்டுமா?"

"நான் மட்டுந்தாம்மா. அவளுக்குப் பயம்."

எல்சாம்மா அழகம்மாளைப் பார்த்தார். அழகம்மாள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு, "ஆமாம்மா. அவுகளே போகட்டும்," என்றாள்.

"நல்லது. சின்னச்சாமி, எனக்குப் பார்வை மங்கல். படகை விட்டு இறங்கியதும் மீன் சந்தைக்கு என்னை எவ்வழியாக அழைத்துச் செல்வாய்?"

பத்தொன்பது வருடம் துடைத்த படத்தைப் பார்த்தேன். தொப்பிகள் தெரிந்தன. வழி தெரியவில்லை.

அழகம்மாள் எனக்கு உதவுகிற மாதிரி மெல்லச் சொன்னாள். "வாய்க்காக் கரையோடவே போங்க. ரெண்டாவது பாலத்தைத் தாண்டாதீங்க. சோத்தாங்கைப் பக்கம் மாதாகோயில் மாதிரி கூர் வச்ச கூரை தெரியும், அதேன் மீன் சந்தை."

"தாழ்வான பாலம் வரும்போது என்னை என்ன செய்வாய்?"

நான் ஒன்றும் செய்யவில்லை. என் இரண்டு கையும் தாமாகவே மேலே போய் என் தலையைப் பொத்திக்கொண்டன.

"பாவம்மா அவுக," என்றாள் அழகம்மாள். "பயந்து போய்ட்டாக. அவுகளுக்காக வேணா நான் போய்ட்டு வாரேன்."

அதற்கு நான் நன்றி வேறு சொன்னேன்.

ஜூன் ஆரம்பத்தில், காலை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். ஒரே மஞ்சு. அழகம்மாள் எல்சாம்மாவின் கோட்டு ஒன்றைச் சேலைக்கு மேலே போட்டிருந்தாள். "வெரசா வந்துருவேன். கோழியைப் பாத்துக்குங்க. வேற என்ன சோலி ஒங்களுக்கு?" என்றாள். பஸ் நாலு அடி போனதும் மஞ்சில் மறைந்துவிட்டது. பங்களாவுக்குத் திரும்பி வந்து படத்தைத் துடைத்தேன். எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை.

இவ்வளவு எழுதி முடித்தபோது தபால் வந்தது. ஒரு கடிதம், ஒரு போட்டோ. எல்சாம்மாவிடம் கற்றுக்கொண்ட எழுத்து, குண்டு குண்டாக.

"என்னங்க, சொகமா இருக்கீகளா. பாலம் நீங்க சொன்னபடி ரொம்பத் தாழ்வுதான். ஆனா யாரு தலையும் போகலை. படகுக்காரரு சொன்னதும் எல்லாரும் சீட்டை விட்டுக் கீழ ஒக்காந்துக்கிறோம். வெளிய வந்ததும் எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமாக் கெடக்கு. மீன் கோயில்ல வாங்குன மீனுல கொழம்பு வச்சேன். எல்சாம்மா தங்கச்சி அழுதுக்கிட்டே ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க.

"ஒண்ணு சொல்லணும். மொத நாளே எல்சாம்மாகிட்ட எத்தனை பேரு வரலாம்னு கேட்டேன். 'இருவரையும்தானே அழைத்தேன்'னாங்க. 'ஏ புள்ள, ரெண்டு பேருமாப் போவமா'ன்னு நீங்க ஒரு வார்த்தை கேப்பீகன்னு ஒரு மாசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பாலத்தைப் பத்தியே சொல்லிக்கிட்டு இருந்தீக. கடைசி அன்னிக்கு எல்சாம்மாவும் 'நீ மட்டுமா'ன்னு கேட்டுப் பாத்தாங்க. போட்டோவைப் பாருங்க. படகுல எம் பக்கத்து எடம் ஒங்களுக்குத்தான் வச்சிருந்தேன். சும்மாக் கெடக்கேன்னு நம்ம கூடையை வச்சுக்கிட்டேன்."

போட்டோவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். தட்டையான படகு. தொப்பி வைத்த ஜனங்கள். நடுவிலே கோட்டுப் போட்ட அழகம்மாள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில், நான் ஒன்றரை மாதமாகத் தேடிய ஒயர்க்கூடை, ஊரைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.